நறு, முகை

"இது ஃபாரினே இல்லை" என்றாள்
வேன் திருகோணமலைக்குள் நுழைந்தபோது.
டீக்கடைக்காரர் தமிழில் சில்லறை கேட்டதுதான் குற்றம்.
கடிகாரத்தைக்கூடத் திருப்ப வேண்டியிருக்கவில்லை.
ஆறு மாதம் ஓவர்டைம் பார்த்து,
பாஸ்போர்ட்டுக்காகக் கோயம்புத்தூருக்கு இரண்டு முறை அலைந்து,
முதன்முறையாகக் கடல் தாண்டி இறங்கிய இடத்தில்
"சாப்பிட்டீங்களோ?" என்று கேட்கிறார்கள்.
பக்கத்து பெஞ்சு மித்ரா துபாய் போய் வந்தவள்.
அவளிடம் இவள் என்ன சொல்வாள்?

முருகானந்தம் ஆதாரம் தேடினார்.
போர்டைக் காட்டினார்: அதோ பார், தெரியாத எழுத்து.
எனக்கு அது எங்கள் கம்பெனியில்
மெஷின் நின்றதும் தரையில் சுருண்டு கிடக்கும் நூல்.
அவள் அதை விட்டுவிட்டு
அடுத்த வரியை வாசித்தாள், சத்தமாக, வேண்டுமென்றே:
"மெதுவாகச் செல்லவும்."

கோணேசர் மலையில் சுவரைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள்.
அவ்வளவு உயரம். அடியில் அவ்வளவு நீலம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கடல் மட்டும் ஃபாரின்" என்றாள் பிறகு.

பேக்கரிப் பையன் ஐசிங் கூம்பைத் தூக்கியபடி
"முழுப் பேருமா அக்கா?" என்று கேட்டான்.
அரைக் கிலோ கேக்.
நறுமுகை என்ற பெயர் ஓரம் வரை ஓடி
முட்டி உடைந்து இரண்டு வரியானது.
அதற்கும் கீழே ஏழு.
ஏழு மட்டும் நேராக வந்தது.

மே மாத வெயிலில் வெந்நீர் ஊற்றிக்கொள்ள
எங்களைத் தவிர யார் வருவார்கள் என்றிருந்தேன்.
கன்னியாவில் வரிசையே நின்றது.
சின்னச் சின்னதாக ஏழு கிணறுகள்,
குனிந்தால் அடி தெரியும்.
"எனக்காகத்தான் ஏழு" என்று தீர்மானித்துவிட்டாள்.
ஒன்றாம் வயசு வெதுவெதுப்பு.
கொரோனா வருஷம் பிடிக்கவில்லை, பாதி வாளிதான்.
இன்னொன்றில் விரல் வைத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்:
"இது எனக்கு டெங்கு வந்தப்போ."
அந்த வாளியை வாங்கி
என் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

வெளியே வேன் நிழலில் ரிஸ்வான்.
கிண்ணியாக்காரர், மூன்று நாளாக எங்களுக்கு வண்டி ஓட்டுகிறார்.
"உங்க பர்த்டே எப்போ அங்கிள்?"
"எனக்கா?" என்று சிரித்தார்.
"சேட்டிபிக்கேட்ட சுனாமி கொண்டு போயிட்டு மகள்.
புதுசு எடுக்கக்குள்ள ஜனவரி ஒண்டு எண்டு போட்டுத் தந்தாங்க.
சரியான நாள் உம்மாவுக்குத்தான் தெரியும்."
உம்மா எங்கே என்று கேட்டுவிடுவாளோ,
துண்டைப் போட்டு
அவள் தலையை அழுத்தித் துவட்டினேன்.
துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:
"அப்போ இன்னிக்கே வச்சுக்கலாம்."

இங்கே சூரியன் முதுகுப் பக்கம் இறங்குகிறது.
கடல்தான் முதலில் இருட்டுகிறது.
கடற்கரைச் சுவரில் கேக்கை வைத்தோம்.
மெழுகுவர்த்தியை அவளுக்கு முன்னால் காற்று ஊதியது,
மறுபடியும் ஊதியது.
ரிஸ்வான் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து
சுடரைச் சுற்றி வேலி போட்டார்,
சூடு படப்பட எடுக்கவில்லை.
ஊரைச் சுற்றும் புள்ளிமான் ஒன்று
பெட்டியின் மூடியைத் தின்றுகொண்டிருந்தது.
யாரும் விரட்டவில்லை.

வெட்டும்போது அவளே பங்கு பிரித்தாள்.
"நறு எங்களுக்கு.
முகை உங்களுக்கு."
வாங்கிக்கொண்டவர் உடனே தின்னவில்லை.
"இண்டைக்குத் திகதி என்ன?" என்றார் முருகானந்தத்திடம்.
"பதினாலு."
"பதினாலு" என்றார் அவரும்,
புதிதாக வாங்கிய போன் நம்பரை
ஒருமுறை சொல்லிப் பார்ப்பதுபோல.